மூன்று மண் கொண்ட கரை

கனமூலை என்னும் ஊரின் பெயரை உலகெங்கும் வாழும் தமிழ் வாசகர்களிற் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இலங்கையின் வடமேற்குக் கரையோரத்தில், புத்தளத்துக்குத் தெற்கே, மதுரங்குளிக்கு அண்மையில் அமைந்த தமிழ் பேசும் முஸ்லிம் கிராமம் அது. இக்கரையோரத்தின் வரலாற்றை ஆட்சியாளர்களின் பெயர்களைக் கொண்டு எழுதியோர் உண்டு. மண்ணையும் அதில் மனிதர் நட்டவற்றையும் கொண்டும் அதனை எழுதலாம் என்பது என் கருத்து.

புத்தளம் மாவட்டத்தில் மூன்று வகை மண் அருகருகே கிடக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டிலும் கடலோரத்திலும் வெண்மணல். வடக்கே வனாத்தவில்லுப் பக்கம் சுண்ணக்கல்லின் மேற் படிந்த செம்மண். களப்புகளின் ஓரத்தில் உவர்மண். 1961இல் மூர்மன், பானபொக்க ஆகிய இரு அறிஞர்களும் இலங்கையின் மண்களை வகைப்படுத்தி, மணலை ரெகோசோல் என்றும் செம்மண்ணை லற்றோசோல் என்றும் பெயரிட்டனர். அப்பெயர்களை அறியாத நம் முன்னோர், தாமாக முளைத்த செடிகளைப் பார்த்தே மண்ணை இனங்கண்டனர். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடம் மணல். உமரி முளைத்த இடம் உவர். புத்தளம் என்ற பெயரே ‘புது அளம்’, அதாவது புதிய உப்பளம் என்பதிலிருந்து வந்தது எனப் பலர் கூறுவர்.

1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, இக்கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதியுள்ளார். அவை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியவை என்பதும் அவருடைய குறிப்பே. கறுவா ஈரவலயத்துப் பயிர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர் மழையே பெறும் புத்தளம் அதற்கு ஏற்ற இடமன்று.

இங்கு நிலைத்தவை மண்ணுக்கு ஒத்தவையே. மேற்பரப்புக்கு அண்மையிலேயே நல்ல நீர் கிடைக்கும் மணலில் தென்னை செழித்தது. அதன் வேருக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஓரளவு உப்பையும் அது தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்கள் பெருகின. 1929இல் தென்னை ஆராய்ச்சிக்கான நிலையம் இதே மாவட்டத்தின் லுணுவிலையில் தோன்றியது. மணல் நீரைப் பிடித்துவைக்காது என்பதால், நடுகுழியின் அடியில் தேங்காய் உரிமட்டைகளை அடுக்கி ஈரத்தைத் தேக்கும் வழக்கமும் வேரூன்றியது. போர்த்துக்கேயர் ஆசியாவுக்குக் கொண்டுவந்த மரமுந்திரிகையோ வனாத்தவில்லின் வறண்ட மண்ணைத் தன் மண்ணாக்கிக்கொண்டது.

இதற்கு மாறாக, மண்ணை வற்புறுத்திய வரலாறும் உண்டு. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரைக் கொண்டும் செயற்கை உரத்தைக் கொண்டும் விளைவிக்கப்பட்டன. விளைச்சல் வந்தது, வருமானமும் வந்தது. ஆனால், அங்குள்ள நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். மணலில் இட்ட உரத்தின் ஒரு பகுதி நைத்திரேற்றாகக் கீழிறங்கி அதிற் கலக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1980கள் முதல் நடந்த ஆய்வுகளில், கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை மீறப்பட்டது தெரியவந்தது. இதனால் முதலில் ஆபத்துக்குள்ளாவோர் கைக்குழந்தைகள்.

களப்போரங்களில் 1980களில் இறால் வளர்ப்புப் பெருகியது. கண்டற் காடுகளும் தென்னங்காணிகளும் குட்டைகளாயின. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியதும் பல குட்டைகள் கைவிடப்பட்டன. உப்பேறிய அந்நிலத்தில் மீண்டும் தென்னையை வைப்பது எளிதன்று.

மண்ணைத் தெரிவு செய்யும் வாய்ப்பே இல்லாதோரும் இக்கரைக்கு வந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். மன்னாரில் சொந்த வயலை உழுதவர்கள் பலர், இங்கு பிறருடைய வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்கு நின்றனர். எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. அதைப் பயன்படுத்துவதற்குக் காணிதான் இருக்கவில்லை. மண்ணைப் பற்றி எழுதும்போது அது யாருடைய மண் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது.

இன்று ரொறன்ரோவின் களிமண்ணிலோ துபாயின் மணலிலோ வீட்டுத்தோட்டம் போடும் வாசகர்களுக்கும் இக்கரையின் அனுபவம் உதவும். செடி வாங்கச் செல்லுமுன் ஓரடி ஆழம் தோண்டி, ஈரமண்ணைக் கையிற் பிடித்துப் பாருங்கள். உதிர்ந்தால் மணல், விரல்களுக்கிடையே நாடாவாக நீண்டால் களி. காய்ந்தபின் மேலே வெள்ளை பூத்தால் உப்பு இருக்கக்கூடும். வெப்பநாடுகளில், மணலுக்கு மரவள்ளியும் வற்றாளையும் கச்சானும் ஒத்துவரும். நீர் வடியும் செம்மண்ணுக்கு மாவும் மாதுளையும் தோடையும் ஏற்றவை. சற்று உவரான இடத்துக்குச் சப்போட்டாவையும் பேரீச்சையையும் எண்ணிப் பார்க்கலாம். மணலுக்கு உரமிடுவதாயின் ஒரேயடியாகக் கொட்டாமல், சிறிது சிறிதாகப் பிரித்து, இலைகுழையோடு சேர்த்து இடுங்கள். மிஞ்சும் உரம் உங்கள் வேலிக்குள் நிற்பதில்லை. அது அயலவரின் கிணற்றுக்குச் செல்லும் என்பதைக் கற்பிட்டி நமக்குக் காட்டியிருக்கிறது.