கடைத்தெரு அடுப்பும் அமானிதமும்

வீட்டில் சமைக்காமல் கடையில் வாங்கி உண்பதை இக்காலத்துச் சோம்பல் என்று எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இடைக்காலக் கெய்ரோவில் எளிய மக்களின் வீடுகள் பலவற்றில் சமையலறையே இல்லை. இடம் குறைவு, விறகோ விலை அதிகம். ஆகவே அன்றாட உணவைக் கடைத்தெருவில் வாங்கினர்.

அப்படியானால் சமைத்து விற்பவரைக் கண்காணிப்பது யார்? அங்காடியைக் கவனிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். அவருக்கு வழிகாட்டியாக 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்னும் அறிஞர் நூலொன்று இயற்றினார். ஆட்டை அடுப்பிலிடும் முன்னும் எடுத்த பின்னும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை போதிய அளவு குறையாவிடில் அது வேகவில்லை என்று பொருள். கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சும் ஹரீஸாப் பானைக்கு இரவில் முத்திரையிட வேண்டும். கொத்திறைச்சியைக் குடலில் அடைத்து விற்போரின் கடைகள் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வாங்குபவருக்குத் தெரியாதல்லவா!

இந்தக் கண்டிப்பின் வேர் நபி (ஸல்) அவர்களின் செயலில் உள்ளது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள்.

இன்று நாம் ‘ஹலால்’ பலகையைக் கண்டதும் நிறைவடைந்துவிடுகிறோம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயைப் பற்றியோ, நேற்று மீந்த குழம்பைப் பற்றியோ கேட்பதில்லை. உணவுக்கடை நடத்தும் நம் சகோதரர்களே! தம் பிள்ளைக்குப் பரிமாறத் தயங்கும் உணவைப் பிறர் பிள்ளைக்கு விற்பது அமானித மோசடியே ஆகும்.