கப்பி மீனின் பெயர் வரலாறு

கண்ணாடித் தொட்டிகளில் வண்ணவால் விரித்துத் திரியும் கப்பி மீன், தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியையும் அதனையடுத்த சில தீவுகளையும் தாயகமாகக் கொண்டது. ஆண்மீன் ஏறக்குறைய ஓர் அங்குலமே வளரும். இச்சிற்றுயிருக்கு வழங்கும் பெயரோ ஒரு மனிதரின் பெயர். அவரே இம்மீனை முதன்முதற் கண்டவர் என்று பலர் கூறுவர். அக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

றொபேட் ஜோன் லெச்மியர் கப்பி 1836ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்து, திரினிடாட் தீவில் வாழ்ந்து, 1916இல் அங்கேயே மறைந்தவர். பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றிய அவருக்குப் பாறைகளிலும் சிப்பிகளிலுமே பெருநாட்டம் இருந்தது. திரினிடாட்டிலிருந்து அவர் அனுப்பிய மீன்களை இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் ஆராய்ந்த அல்பேட் குந்தர், அவை புதிய இனமெனக் கருதி, 1866இல் அனுப்பியவரின் பெயரையே இட்டார்.

ஆனால், வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரிலிருந்து பெற்ற இதே மீனுக்கு, 1859இலேயே பேர்லின் அறிஞர் வில்கெம் பீற்றர்ஸ் பெயரிட்டிருந்தார். 1861இல் இத்தாலிய அறிஞர் டி பிலிப்பி, பாபடோஸ் தீவு மீனுக்கு வேறொரு பெயர் தந்தார். மூன்றும் ஓரினமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயரே செல்லும் என்பது விலங்கியல் விதி. ஆதலின், பீற்றர்ஸ் இட்ட பெயர் நிலைக்க, குந்தர் இட்ட பெயர் நூல்வழக்கிழந்தது.

எனினும் உலக வழக்கு கப்பியைக் கைவிடவில்லை. குஞ்சுகளை உயிருடன் ஈனும் இம்மீன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தொட்டிகளிற் பெருகியபோது அப்பெயரும் உடன் பரவிற்று. நுளம்பே மலேரியாவைப் பரப்புகின்றது என்பதை 1897ஆம் ஆண்டு தொடங்கி றொனால்ட் றொஸ் நிறுவினார். அதன்பின், நுளம்பின் கூத்தம்பிகளை உண்ணும் இம்மீனைப் பல நாடுகளின் நீர்நிலைகளில் விட்டனர். இலங்கையும் அவற்றுள் ஒன்று. சிலவிடங்களில் இவ்வரவு உள்நாட்டு மீன்களுக்குத் தீங்காகவும் முடிந்தது.

பாபடோஸ் மக்கள் இதன் பெருக்கத்தைக் கண்டு ‘மில்லியன்’ என அழைத்தனர். அறிஞர் எவரும் காணுமுன்னரே இம்மீனோடு வாழ்ந்தவர்கள் அத்தீவுகளின் மக்களே. அவர்கள் இட்ட பெயர் இன்று உலகிற் பெரிதும் வழங்கவில்லை. நூதனசாலைக்கு அனுப்பியவரின் பெயரே வழங்குகின்றது. ஆகவே, ஒரு பெயர் நிலைத்திருப்பது முதலிற் கண்டமைக்குச் சான்றாகாது. அது எவ்வழியாக உலகிற் பரவிற்று என்பதற்கே சான்றாகும். வரலாறு கற்போர் பெயரைக் கண்டவுடன் உரிமையை முடிவு செய்யாது, ஆண்டுகளை ஒப்புநோக்கித் தெளிதல் வேண்டும்.