கையும் முகமும்: கிரீட் தீவின் திருவுருவ ஓவிய மரபில் தன்னுருவச் சிக்கல்

திருவுருவ ஓவியத்தின் செய்முறையைக் கொண்டு ஓவியன் தன் முகத்தையே தீட்டிக்கொள்ள இயலுமா? பணிவின் பொருட்டு அவன் தன்னை மறைத்துக்கொண்டான் என்பதே பைசாந்தியக் கலை பற்றி வழக்கமாகக் கூறப்படும் விடை. செய்முறையைச் சான்றாகக் கொண்டால் இவ்விடை போதாது என்பது புலனாகும்.

பலகையின்மேல் துணி ஒட்டி, ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த வெண்பூச்சைப் பல அடுக்குகளாக இட்டுத் தேய்த்து மெருகேற்றுவர். முன்னோர் வரைவிலிருந்து கோட்டுருவம் அதில் மாற்றப்படும். பின்னணியில் தங்க ரேக்கு பதிக்கப்படும். முகத்திற்கு முதலில் ‘புரோபிளாஸ்மோஸ்’ எனப்படும் பசுமை சார்ந்த கரும்பழுப்பு அடிவண்ணம் இடப்படும். அதன்மேல் மஞ்சட்கருவில் குழைத்த காவி நிறங்கள் படிப்படியாக வெளிறிச் சென்று மெல்லிய வெண்கோடுகளில் முடியும். இங்கு ஒளி சாளரத்தின் வழியே வருவதன்று. உருவத்தின் உள்ளிருந்து எழுவது. கண்ணாடியில் தெரியும் முகமோ ஒருபக்க ஒளியாலும் நிழலாலும் ஆனது. மேலும், ஓவியனின் முன்னிருப்பது கண்ணாடியன்று, மாதிரி வரைவு. கிரீட் ஓவியர் ஆங்கெலோஸ் அக்கோத்தாந்தோஸ் 1436இல் எழுதிய விருப்ப ஆவணம் இதற்கு அரிய சான்று: பிறக்கவிருந்த குழந்தை ஆணாகி ஓவியமும் பயின்றால் தம் வரைவுகள் அதற்கே சேர வேண்டும் என அவர் குறித்தார். வரைவுகள் குடும்பச் சொத்தாகவே கருதப்பட்டன. அவர் தம் படங்களில் இட்ட ஒப்பம் ‘ஆங்கெலோசின் கை’ என்பதாகும். மரபு ஓவியனுக்கு அளித்த இடம் கைக்கு உரியது, முகத்துக்கு உரியதன்று.

பிற்காலத்தில் எல் கிரேக்கோ எனப் பெயர்பெற்ற தொமேனிக்கோஸ் தியோத்தோகோப்புலோஸ் இம்மரபில் பயின்றவர். கன்னி மரியாவை முதன்முதலில் தீட்டியவராகக் கருதப்படும் புனித லூக்காவை, மரியாவின் உருவைத் தீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் அவர் வரைந்த படம் ஏதென்சு நகரின் பெனாக்கி அருங்காட்சியகத்தில் உள்ளது. படம் பெரிதும் சிதைந்துள்ளது. எனினும் லூக்கா தீட்டும் மரியாவின் உருவம் பழைய இலக்கணம் வழுவாமலும், மேலே பறக்கும் தேவதூதன் இத்தாலியப் பாங்கிலும் அமைந்திருப்பதைக் காணலாம். ஓவியனின் தொழிலைப் பொருளாகக் கொண்ட இப்படத்திலும் ஒப்பம் ‘தொமேனிக்கோசின் கை’ என்றே உள்ளது. மேற்கில் ரோகியர் வான் டெர் வைடன் வரைந்த லூக்காவின் முகம் ஓவியரின் சொந்த முகமே என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கருத்தை அப்படியே கிரீட்டுக்குப் பொருத்துவது பிழையாகும். இங்கு லூக்கா ஓவியனின் முகமன்று, அவனது உரிமைச் சான்று.

1500இல் ஆல்பிரெக்ட் டியூரர் இதற்கு நேர்மாறாகச் செயல்பட்டார். மியூனிக்கில் உள்ள அவரது தன்னுருவம் கிறிஸ்துவின் திருவுருவத்துக்குரிய நேர்முக நிலையைக் கொண்டது. ஆனால் அது எண்ணெய் வண்ணத்தில், பக்க ஒளியும் நிழலும் கொண்டு தீட்டப்பட்டது; திருவுருவத்தின் அமைப்பை ஏற்ற டியூரர் அதன் செய்முறையை ஏற்கவில்லை.

தியோத்தோகோப்புலோசிடம் மாறியது ஒப்பமே. சீரோஸ் தீவில் உள்ள ‘மரியாவின் துயில்’ படத்தில் 1983இல் கண்டறியப்பட்ட ஒப்பத்தில் ‘கை’ என்னும் சொல் இல்லை. முழுப்பெயரோடு ‘காட்டியவன்’ என்று உள்ளது. இத்தாலிக்குச் சென்றபின், ‘செய்தான்’ என்னும் வினை வந்தது. தொலேதோவில் 1614இல் இறக்கும்வரை கிரேக்க எழுத்தில் ஒப்பமிடுவதை அவர் கைவிடவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள முதியவர் படம் அவருடைய தன்னுருவம் எனப் பலகாலமாகச் சொல்லப்படுகிறது. அது இன்றும் நிறுவப்படவில்லை.