மலாக்கா கிராணியின் மகன்: தேவன் நாயர் நடந்த தொழிற்சங்கப் பாதை

தொழிற்சங்கத் தலைவர் அரசியலுக்குப் போகலாமா? போனால் தொழிலாளிக்கு லாபமா, நட்டமா? நம் தோட்டப்புறங்களில் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் கேள்வி இது. விடை தேடுகிறவர்கள் மலாக்காவில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைப் படித்தாக வேண்டும். நான்கு முறை தேர்தல் களம் கண்டு, இரண்டு முறை காவலில் இருந்து, இரண்டு நாடுகளின் நாடாளுமன்றங்களில் அமர்ந்து, கடைசியில் சிங்கப்பூரின் மூன்றாவது அதிபராக உயர்ந்த சி. வி. தேவன் நாயர்தான் அவர்.

ரப்பரின் முதல் மண்

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட இடம் மலாக்கா. 1896-ல் டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அது பலன் தரும் என்று தெரிந்ததும் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே போட்டார். பின்னர் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

தோட்டம் என்பது தனி உலகம். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிகளின் வீடுகள். அதற்கும் கீழே தொழிலாளர் லயம். பால்மரம் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஆங்கிலம் தெரிந்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அலுவலகத்தில் கணக்கு எழுதினார்கள். அப்படி ஒரு ரப்பர் தோட்டக் கிராணியின் மகனாக, கேரளத்தின் தலசேரியை வேராகக் கொண்ட குடும்பத்தில், 1923 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தேவன் நாயர் பிறந்தார். பத்து வயதில் குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது.

ஆசிரியர் தலைவரானார்

போருக்குப் பிறகு ஆசிரியரான நாயர், 1949-ல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1951-ல் கைதானார். 1954-ல் மக்கள் செயல் கட்சியை அமைத்தவர்களில் ஒருவரானார். 1955 தேர்தலில் அந்தக் கட்சி நிறுத்திய நால்வரில் மூவர் வென்றனர். பேரர் பார்க் தொகுதியில் நின்ற நாயர் மட்டும் தோற்றார். 1956-ல் மீண்டும் சிறை. 1959-ல் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகுதான் விடுதலை கிடைத்தது.

இதே காலத்தில் மலாயாவில் தொழிற்சங்கம் என்ற சொல்லே ஆபத்தாக இருந்தது. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அதன் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பெற்றோர் பிள்ளைகளிடம் "சங்கம் கிங்கம் என்று போகாதே" என்று சொன்ன காலம் அது.

அந்த அச்சத்துக்கு நடுவில் பி. பி. நாராயணன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். கட்சி அரசியலுக்குள் போகாமல், சட்டத்துக்கு உட்பட்டு, முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து பேசும் வழி. 1954-ல் பல சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. மலாக்கா, அலோர் காஜா வட்டாரச் சங்கங்களும் அதில் இணைந்தன. நாராயணன் 1996-ல் மறையும் வரை அந்தச் சங்கத்தை விட்டு அகலவில்லை.

பங்சாரில் இரண்டு தலைவர்கள்

1961-ல் மக்கள் செயல் கட்சி பிளந்தது. சிறையில் நாயரோடு இருந்த லிம் சின் சியோங் உள்ளிட்ட தோழர்கள் வெளியேறினார்கள். நாயர் லீ குவான் இயூ பக்கம் நின்றார். அதே ஆண்டு தேசியத் தொழிற்சங்க காங்கிரஸ் அமைந்தபோது அதன் முன்னணியில் இருந்தவர் அவர்.

1963-ல் மலேசியா உருவானது. 1964 பொதுத் தேர்தலில் நாயர் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். எதிரே நின்றவர் யார்? 1959 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த வி. டேவிட். தொழிற்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி, 1958-ல் காவலில் வைக்கப்பட்ட தமிழர். இரண்டு தொழிற்சங்கவாதிகள் ஒரே தொகுதியில் மோதிய தேர்தல் அது. நாயர் வென்றார். தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. கட்சி அந்தப் பக்கம், நாயர் இந்தப் பக்கம். அவர் பங்சார் வாக்காளர்களை விட்டுப் போகவில்லை. 1965 அக்டோபரில் ஜனநாயக செயல் கட்சியைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராக இருந்த லிம் கிட் சியாங் 1969-ல் பண்டார் மலாக்கா தொகுதியில் வென்றார். நாயர் பிறந்த மாநிலத்துக்கு அவர் தொடங்கிய கட்சி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

லயத்திலிருந்து தலைநகருக்கு

தோட்டத்தில் என்ன நடந்தது? 1950களிலும் 60களிலும் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வேலையோடு வீடும் போனது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கும் வழியைக் காட்டினார். 1967-ல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லத் தலைநகர் கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். நூறு மைலுக்கும் அதிகமான தூரம். மலாயாவின் முதல் ரப்பர் நின்ற மண்ணின் மக்கள், பேச வேண்டிய இடம் தேடிக் காலால் நடக்க வேண்டியிருந்தது.

ஏன் நடக்க வேண்டும்? பக்கத்திலேயே அவர்கள் குரல் ஏறும் மன்றம் இல்லை. தோட்டம் தனியார் நிலம். சாலையும் தண்ணீரும் விளக்கும் துரையின் பொறுப்பு. பட்டணங்களில் இருந்த ஊராட்சித் தேர்தலும் 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை அடியோடு முடித்து வைத்தது. சங்கத்தில் பேசப் பழகியவர், ஊர் மன்றத்தில் நிர்வாகம் பழகி, பிறகு சட்டமன்றத்துக்குப் போவதுதான் இயல்பான படிக்கட்டு. நடுப்படி பெயர்க்கப்பட்டது. மிஞ்சியது கட்சிக் கிளையின் தயவு.

வெற்றியும் விலையும்

1969-ல் நாயர் சிங்கப்பூருக்குத் திரும்பினார். அந்த ஆண்டு நடந்த தொழிலாளர் இயக்க நவீனமயக் கருத்தரங்குக்குப் பின், சங்கமே கூட்டுறவு நிறுவனங்களை நடத்தத் தொடங்கியது. 1970-ல் காப்புறுதி வந்தது, 1973-ல் மலிவு விலைப் பேரங்காடி வந்தது. 1972-ல் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் அமரும் தேசிய சம்பள மன்றம் அமைந்தது. சங்கம் அரசுக்கு மிக நெருங்கிவிட்டது, போராடும் பலத்தை இழந்துவிட்டது என்ற விமர்சனம் அன்றும் எழுந்தது, இன்றும் உண்டு. ஆனால் சம்பளம் பேசும் மேசையில் தொழிலாளிக்கு நிரந்தர நாற்காலி கிடைத்ததையும் மறுக்க முடியாது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-ல்தான். அப்போது தீபகற்பத்துக்கு விதிக்கப்பட்ட தொகை 900 வெள்ளி.

நாயர் 1979-ல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். 1981 அக்டோபரில் அதிபரானார். 1985 மார்ச்சில் பதவி விலகினார். குடிப்பழக்கமே காரணம் என்று அரசு கூறியது. அவர் அதைப் பின்னர் மறுத்தார். பழைய தோழமை கசந்து, நாட்டை விட்டு வெளியேறி, 2005 டிசம்பர் 6-ஆம் தேதி கனடாவில் காலமானார். அதிகாரத்துக்குள் போய்க் காரியம் சாதித்தவர், அதே அதிகாரத்தோடு முரண்பட்டபோது நிற்க ஓர் இடமில்லாமல் போனார். அவர் கட்டிய சங்கம் அவருக்குக் கைகொடுக்கும் நிலையில் இல்லை.

பங்சாரில் அவரிடம் தோற்ற டேவிட் என்ன ஆனார்? 1978-ல் டாமன்சாராவில், நாயர் தொடங்கிய அதே ஜனநாயக செயல் கட்சியின் வேட்பாளராக வென்றார். மலேசியத் தொழிற்சங்க காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் நீண்ட காலம் இருந்தார். 1987 ஓப்பராசி லாலாங்கில் மீண்டும் சிறை சென்றார். அதிகாரம் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் கடைசி வரை தொழிலாளர் அவரைத் தம்மவர் என்றே சொன்னார்கள். அவரும் 2005-லேயே மறைந்தார்.

ஆக, மூன்று பாதைகள். நாராயணன் சங்கத்தோடு நின்றார். டேவிட் எதிர்க்கட்சியில் நின்றார். நாயர் ஆட்சிக்குள் போனார். எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல இயலாது. மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: தலைவராகும் முன் சங்கத்தில் சந்தா வசூலித்து, கூட்டம் கூட்டி, ஒவ்வொருவர் வழக்கையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள்.

மலாக்காவில் இன்று செம்பனை நிற்கும் இடங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டவர். நம் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் தாமான்களுக்கும் போய்விட்டார்கள். பழைய தோட்டச் சங்கம் அவர்களோடு கூடவே போகவில்லை. தலைவர் எங்கே என்று கேட்கிறோம். வேலை செய்யும் இடத்தில் ஒரு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, அதன் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்கும் இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? அடுத்த தலைவர் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வர முடியும்.