நேர வாடகையிலிருந்து சேவைக் கட்டணம் வரை: கிருஷ்ணகிரி வட்டாரமும் பிரவுசிங் சென்டர் தொழிலின் வரவு செலவும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிரவுசிங் சென்டர் என்னும் தொழில் எஸ்.டி.டி. பூத்தின் தொடர்ச்சியாக வளர்ந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உருவாக்கிய தொலைபேசி இணைப்பகங்கள் கிராமங்களை எட்டிய பின், ஒரு தொலைபேசியும் மீட்டரும் வைத்துக் கமிஷனில் நடக்கும் கடைகள் பேருந்து நிலையங்கள்தோறும் பெருகின. பூத்துக்காரரின் முதலீடு சிறியது; அழைப்புக்கு ஏற்ப வருவாய் வந்தது. பிரவுசிங் சென்டரிலோ கணினி, யூ.பி.எஸ்., மேசை, மின்வேலை எல்லாவற்றுக்கும் பணத்தை முதலிலேயே போட வேண்டும். ஆள் வராமல் கழிந்த ஒரு மணி நேரத்தின் வாடகையைப் பிறகு ஈட்ட வழியில்லை. ஓசூரையும் பெங்களூரையும் வேலைக்கு நம்பியிருக்கும் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற ஊர்களில் இத்தொழிலின் போக்கை விளக்குவது இந்த வேறுபாடே.

1. தொடக்கக் காலம்

பொதுமக்களுக்கான இணையச் சேவையை அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னை முதற்கட்ட நகரங்களுள் ஒன்று. அப்போது இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியின் பகுதியாக இருந்தது. தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான். டயல்-அப் இணைப்பில் செலவு இரண்டு பில்களாக வந்தது: இணைய நேரத்துக்கு ஒன்று, தொலைபேசி அழைப்புக்கு இன்னொன்று. உள்ளூர் அழைப்பில் இணைய முனை கிடைக்காத ஊருக்கு எஸ்.டி.டி. கட்டணமே ஆனது. ஆகவே முதல் சென்டர்கள் பெருநகரங்களிலேயே தோன்றின.

1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதலில் களமிறங்கியது. சிஃபி எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் 'ஐவே' மையங்கள் பிற்பாடு நாடெங்கும் 3,000-ஐக் கடந்தன. கடையும் கணினியும் உரிமையாளருடையவை. இணைப்பும் பெயரும் நிறுவனத்தினுடையவை. வருவாய் இருவருக்கும் பங்கு. 2004 அக்டோபரில் வெளிவந்த அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வகுத்தது. 2005-இல் பி.எஸ்.என்.எல்.-இன் டேட்டாஒன் அகன்ற அலைவரிசைச் சேவை வந்தபின், ஒரே இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிர்வது சிறுநகரக் கடைக்கும் கட்டுப்படியானது.

2. வரவு செலவின் அமைப்பு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இத்தொழிலின் நெருக்கடியைக் காட்டும். ஆறு கணினி, நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். விற்கத்தக்க 60 மணி நேரத்தில் நாற்பது விழுக்காடு, அதாவது 24 மணி நேரம் விற்றால் நாள் வரவு 480 ரூபாய். மாதத்தில் 26 நாள் திறந்தால் 12,480 ரூபாய். பக்கத்தில் இன்னொரு கடை வந்து கட்டணம் 10 ரூபாயானால், அதே கூட்டத்துக்கு வரவு 6,240 ரூபாயாகச் சுருங்கும். கடை வாடகை, வணிக விகித மின்கட்டணம், இணைப்புக் கட்டணம், கடன் தவணை ஆகியவை மட்டும் குறையாது. மூன்று நான்கு ஆண்டுகளில் கணினியை மாற்றும் செலவும் வந்து சேரும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில், விற்கத்தக்க மணி நேரமே குறைந்தது; இன்வெர்ட்டரும் பேட்டரியும் புதுச் செலவாயின.

3. மேலூர் தந்த பாடம்

கிராமத்தில் இக்கணக்கு நிற்குமா என்பதை 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நடந்த 'சாரி' திட்டம் சோதித்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லா இணைப்பும் என்-லாக் நிறுவனமும் அதன் அடித்தளம். ஒரு கிராம இணைய மையத்துக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் முதலீடு. மாதம் 3,000 ரூபாய் வந்தால் கையைக் கடிக்காது என்பது திட்டமிட்டவர்களின் மதிப்பீடு. ஆயினும் பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. பழுதுபார்க்க ஆளின்மை ஒரு காரணம். வட்டாட்சியர் அலுவலகச் சேவைகள் கணினி வழியே கிடைத்த வரை மக்கள் வந்தார்கள். அது தொய்ந்ததும் கூட்டம் குறைந்தது. சான்றிதழோ விண்ணப்பமோ முடிந்து கைக்கு வரும் என்றால்தான் கிராமத்தார் காசு கொடுத்தார்கள்.

4. சரிவு

2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகள் பதிவு, வாடிக்கையாளரின் அடையாளச் சான்று, ஓராண்டுப் பயன்பாட்டுக் குறிப்பு, நாலரை அடி உயரத்துக்கு மேற்படாத தடுப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. இவற்றால் உரிமையாளரின் வேலை கூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கடைக்கு வந்த மாணவர்களிடம் சொந்தக் கணினி சேர்ந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை வந்து கைப்பேசி டேட்டா மலிந்தபின், இணைய நேரத்தை மட்டும் விற்ற கடைக்குச் சந்தையே இல்லாமற்போனது.

5. கிருஷ்ணகிரியும் சேவைக் கட்டணமும்

தமிழ்நாட்டில் அரசுச் சேவைகளை இணையவழி தரும் மின்மாவட்டத் திட்டம் சோதனை முறையில் நடைபெற்ற ஆறு மாவட்டங்களுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. அதன்படி சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, கைவிடப்பட்ட பெண்கள் ஆகிய சான்றிதழ்களுக்குக் கிராமச் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோர் இணையத்திலேயே பரிசீலித்து ஒப்புதல் தருவார்கள். மேலூரில் ஒரு வட்டத்துக்குள் நின்ற முயற்சி, இங்கு வருவாய்த் துறையின் அன்றாட நடைமுறையாயிற்று. பின்னர் மாநிலமெங்கும் பரவிய இ-சேவை மையங்களில் இத்தகைய வருவாய்ச் சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது.

கடையின் வரவும் இதனால் உருமாறியது. பொறியியல் கலந்தாய்வு, அரசுப் பணித் தேர்வு, வேலைவாய்ப்புப் பதிவு, ரயில் முன்பதிவு, பத்திரப்பதிவு வில்லங்கச் சான்று, ஓசூர் ஆலை வேலைக்கான பயோடேட்டா எனத் தனித்தனி வேலைக்குத் தனித்தனிக் கூலி. ஒரு மணி நேர வாடகையில் கிடைத்ததைவிட, கால் மணியில் முடியும் ஒரு விண்ணப்பம் கூடுதல் வருவாய் தரக்கூடும். முதலீடும் மாறிற்று: ஆறு கணினிக்குப் பதில் இரண்டு, கூடவே ஸ்கேனர், பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரம், கைரேகைக் கருவி. தேர்வு முடிவு, சேர்க்கைக் காலங்களில் கூட்டம் குவிவதும் மற்ற மாதங்களில் குறைவதும் இதன் பலவீனம். ஆண்டு முழுதும் வரும் ஜெராக்ஸ் வரவு அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது.

கல்லாவி போன்ற ஊரில் இன்று கடை தொடங்குவோரின் இலாபத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: பள்ளி, வங்கி, அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கு அருகில் இடம், பிழையின்றிப் படிவம் நிரப்பும் ஆள், அரசுச் சேவைக்கான அங்கீகாரம். இவற்றுள் ஆளின் திறமையே முதன்மையானது. பெயரில் ஓரெழுத்துத் தவறினாலும் உதவித்தொகை தடைப்படும் மாணவருக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெற்றோருக்கும் அந்தத் திறமை நேரடிப் பயன் தருகிறது. அவர்கள் மறுமுறையும் அதே கடைக்கு வருவதே தொழிலின் நிலையான வருமானம்.