லாங்ஃபோர்ட் 1998: தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது?

1998இல் மெல்பேர்ணில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காஸ் இல்லாமல், ஏறக்குறைய மூன்று வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்த கதையைச் சொல்வார்கள்.

கிப்ஸ்லாண்ட் பகுதியில் எஸ்ஸோ நிறுவனம் நடத்திய லாங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில், செப்டெம்பர் 25ஆம் திகதி நடந்த விபத்துத்தான் அதற்குக் காரணம். கடலில் உள்ள மார்லின் வயலிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக வாயு வந்தது. அதைச் சுத்திகரிக்கும் கோபுரம் ஒன்றின் அடியில் சேரும் திரவம் மட்டம் மீறி வழிந்தது. அதனால் சூடான எண்ணெயை அனுப்பும் பம்புகள் நின்றன. வெப்பப் பரிமாற்றி ஒன்றின் சில பகுதிகள் பூச்சியத்துக்குக் கீழே 48 பாகை வரை குளிர்ந்தன. அவ்வளவு குளிர்ந்த உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. மறுபடியும் 230 பாகைச் சூட்டில் எண்ணெய் பாய்ந்ததும் அது உடைந்தது. வெளியேறிய வாயு தீப்பிடித்தது. இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள்.

எல்லாம் ஒரு திரவ மட்டத்தில் தொடங்கியது. மூடிய இரும்புக் கலத்துக்குள் மட்டத்தை எப்படி அறிவது? கிணற்றைப்போல எட்டிப் பார்க்க முடியாதே!

தொழிற்சாலைகளில் இன்று பரவலாக உள்ள ஒரு வழி, அழுத்தத்தை அளப்பது. நீச்சல் குளத்தின் ஆழத்துக்குப் போனால் காது அடைக்கும் அல்லவா? அதே கணக்குத்தான். பாத்திரம் எவ்வளவு அகலமானாலும், அடியில் உள்ள அழுத்தம் திரவத்தின் உயரத்தையும் அடர்த்தியையும் மட்டுமே பொறுத்தது என்று 1586இல் சைமன் ஸ்டெவின் எழுதினார். ஒரு மீற்றர் தண்ணீர் சுமார் 9.8 கிலோபாஸ்கல். மூடிய தொட்டியில் மேலே உள்ள வாயுவும் அழுத்தும். ஆகவே மேலும் கீழும் அளந்து கழிப்பார்கள்.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று 1856இல் கெல்வின் கண்டார். சிலிக்கனில் அந்த மாற்றம் மிகப் பெரிது என்று 1954இல் சார்ள்ஸ் ஸ்மித் காட்டினார். இப்படித்தான் அழுத்தம் மின் சமிக்ஞையாகி, தூரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் எண்ணாகத் தெரியத் தொடங்கியது.

ஆனால் அழுத்த சென்சாருக்கு மட்டம் தெரியாது. அழுத்தம் மட்டுமே தெரியும். நாம் நினைத்ததைவிடத் திரவம் இலேசானது என்றால், நிரம்பிய தொட்டியையும் குறைவாகவே காட்டும். எந்த வகைக் கருவியானாலும், அதன் எண்ணை எப்போது சந்தேகிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் பக்கத்தில் வேண்டும்.

லாங்ஃபோர்ட்டில் இருந்த பொறியியலாளர்களை எஸ்ஸோ 1992இல் மெல்பேர்ணுக்கு மாற்றியிருந்தது. ஆலையில் எச்சரிக்கை மணிகள் அடிக்கடி ஒலித்தன; ஊழியர்களுக்கு அது பழகிவிட்டது. விபத்துக்குப் பிறகு நிறுவனம் ஊழியர்களின் பிழை என்றது. சேர் டாரில் டோசன் தலைமையிலான அரச ஆணைக்குழு 1999இல் அதை ஏற்கவில்லை. போதிய பயிற்சி தராதது நிறுவனத்தின் தவறு என்றது. 2001இல் நீதிமன்றம் எஸ்ஸோவுக்கு 20 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது.

உங்களில் சிலர் நாளை பொறியியல் படிப்பீர்கள். திரையில் ஓர் எண்ணைக் காட்டும் வேலை கிடைத்தால், அதைப் பார்க்கப் போகிறவருக்கு அது எப்போது பொய் சொல்லும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.