இடப்பெயர்ச்சி வினைகள்

ஒரு சேர்மத்திலுள்ள தனிமத்தை வேறொரு தனிமம் வெளியேற்றினால் அது ஒற்றை இடப்பெயர்ச்சி வினை. இரு சேர்மங்கள் தம் அயனிகளை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி வினை.

தமிழ்நாட்டு வெற்றிலைக் கொடிக்கால்களில் வாடல் நோயைத் தடுக்கப் பயன்படும் போர்டோக் கலவையில் இரண்டையும் பார்க்கலாம். பிரான்சில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இதை 1885இல் பரிந்துரைத்தவர் பியர் மில்லார்டே. 1 சதவீதக் கலவைக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுட்ட சுண்ணாம்பும் தலா 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் காப்பரும் கால்சியமும் இடம் மாறி, வெளிர்நீலக் காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும்.

சரிபார்க்க, தீட்டிய இரும்புக் கத்தியை முக்குவார்கள். கத்தியில் செம்பழுப்புப் படிவு தெரிந்தால் காப்பர் அயனி மிச்சமிருக்கிறது. வினைத்திறன் கூடிய இரும்பு அதை வெளியேற்றியிருக்கிறது. மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.

இதே வினை நடக்கும் என்பதால், கலவை தயாரிக்க இரும்பு வாளி கூடாது. மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே ஏற்றவை. கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.